செர்ட்ராலின்: மாத்திரைக்கு மூன்றரை நட்சத்திரம், கூடவே வரும் அறிவுரைகளுக்கு அரை

இந்த மாத்திரைக்கு இணையத்தில் விமர்சனம் தேடினால் இரண்டே வகைதான் கண்ணில் படுகிறது. "என் உயிரைக் காப்பாற்றிய மருந்து" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், "விஷம், யாரும் தொடாதீங்க" என்று திட்டித் தீர்த்தவர்கள் இன்னொரு பக்கம். "பரவாயில்லை, ஓரளவு வேலை செய்தது, சில தொல்லைகளும் இருந்தன" என்று எழுத யாருக்கும் மனம் வருவதில்லை போல. அந்த வேலையை நான் செய்கிறேன். பதற்றமும் அதன் பின்னாலேயே வந்த மனச்சோர்வும் ஆட்டிப்படைத்த ஒரு காலத்தில் மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன காலம் வரை சாப்பிட்டு, அவர் சொன்ன வேகத்திலேயே குறைத்து நிறுத்தியிருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத பொருள் இது, அதனால் வாங்கலாமா வேண்டாமா என்ற தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அட்டைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, பெட்டிக்கு வெளியே ஆளாளுக்கு இலவசமாக என்ன தருகிறார்கள், இரண்டையும் சொல்கிறேன். இரண்டாவதுதான் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் பொருள். செர்ட்ராலின் என்பது எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. நரம்பு செல்கள் தங்களுக்குள் செய்தி கடத்த வெளியிடும் செரோடோனின் என்ற வேதிப்பொருளை அவை திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுப்பது அதன் வேலை. இந்த வகையில் பெயர்பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு அமெரிக்காவில் 1987இல் அனுமதி கிடைத்தது, செர்ட்ராலினுக்கு 1991இல். அதாவது உங்கள் மீது சோதித்துப் பார்க்க நேற்று கண்டுபிடித்துக் கொண்டுவந்த மருந்து இல்லை இது. காப்புரிமைக் காலமும் முடிந்து, பல நிறுவனங்கள் பல பெயர்களில் தயாரிக்கின்றன. பெரியவர்களுக்குப் பொதுவாக 25 அல்லது 50 மி.கி.யில் ஆரம்பிப்பார்கள், தேவைப்பட்டால் 200 வரை போவார்கள், ஒரு நாளைக்கு ஒரு வேளை. மனச்சோர்வுக்கு மட்டுமல்ல, திடீர் பீதித் தாக்குதல், ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து விடாமல் பிடிக்கும் நோய்), விபத்து வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு வரும் மன அதிர்ச்சி என்று பலவற்றுக்கும் கொடுக்கிறார்கள்.

மாத்திரைக்கு முன்னால் டாக்டர் அறை. "அங்க போனா கதவைத் திறந்து உட்காருறதுக்குள்ள மாத்திரை எழுதிடுவாங்க" என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. முதலில் ஒரு தாளை நீட்டினார்கள், பி.எச்.கியூ. 9 என்ற கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, எதிலாவது ஆர்வம், கவனம், செத்துப் போகலாம் என்ற நினைப்பு என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. அதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடவில்லை. தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் உற்சாகமாகத் திரிந்தது உண்டா, பணத்தைத் தாறுமாறாகச் செலவழித்தது உண்டா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். சோர்வும் கட்டுக்கடங்காத உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இந்த வகை மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அது அவரை எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடலாம், அதற்காகத்தான் அந்தக் கேள்விகள். தைராய்டு பரிசோதனையும் எழுதினார், தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும் என்பதால். அப்புறம் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி. இதற்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், மூலிகை உட்பட. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று மனச்சோர்வுக்கு விற்கிற ஒரு மூலிகை இருக்கிறது, இயற்கைதானே என்று அதையும் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் செரோடோனின் அளவுக்கு மீறி ஆபத்தாக முடியலாம். டிராமடால் என்ற வலி மாத்திரையோடும் அதே எச்சரிக்கை உண்டு.

மருத்துவருக்கு நல்ல மதிப்பெண். அந்த இடத்துக்கு அப்படித் தர முடியாது. காத்திருப்பு அறையில் எல்லாத் துறை நோயாளிகளும் கலந்து உட்கார்ந்திருக்கும்போது வரவேற்பில் இருந்தவர் "சைக்யாட்ரிக்கு வந்தவங்க யாரு?" என்று உரக்கக் கேட்டார். எழுந்து போக வேண்டியவர்கள் மூன்று நான்கு பேர் இருந்திருப்போம். யாரும் உடனே எழவில்லை. எலும்பு டாக்டரைப் பார்க்க வந்தவர்களையும் இப்படித்தான் கூப்பிட்டார், அவர்கள் சாதாரணமாக எழுந்து போனார்கள். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது, ஆனால் டோக்கன் எண் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது? அடுத்தடுத்த சந்திப்புகளும் முதல் சந்திப்பு மாதிரி இல்லை, "எப்படி இருக்கு, தூக்கம் வருதா, சரி இதையே கண்டின்யூ பண்ணுங்க" என்று சில நிமிடத்தில் முடிந்துவிடும். இது அந்த ஒரு இடத்தின் குறை மட்டுமல்ல என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மருந்துக் கடையில் இன்னொரு வேடிக்கை. எனக்கு முன்னால் நின்றவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்கினார், அட்டையைக் கண்ணாடி மேசை மேல் போட்டு, பெயரைச் சத்தமாகப் படித்து, "காலையில ஒண்ணு, மறக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார்கள். என் சீட்டைப் பார்த்ததும் கடைக்காரரின் குரல் இறங்கியது. மாத்திரையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அதை ஒரு கவரில் போட்டு, கவரை இரண்டு மடிப்பு மடித்து நீட்டினார். எப்போது சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லவே இல்லை. உள்ளே இருந்த அட்டை, அடுத்தவருடைய அட்டைக்குக் கொஞ்சமும் வித்தியாசம் இல்லாத அதே வெள்ளி நிற அட்டை.

சரி, சாப்பிட்டால் என்ன ஆகும்? முதல் சில நாட்கள் நன்மை எதுவும் தெரியாது, தொல்லை மட்டும் வரும். இந்தப் பொருளின் ஆகப் பெரிய வடிவமைப்புக் கோளாறு இதுதான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல், வயிறு கலங்கும் (இந்த வகையிலேயே வயிற்றுப்போக்குக்குச் செர்ட்ராலின் கொஞ்சம் பேர்போனது), கொட்டாவி கொட்டாவியாக வரும், ஆனால் படுத்தால் தூக்கம் வராது. என்னை அறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், மாலையில் தாடை வலிக்கும்போதுதான் தெரியும். பதற்றம் குறைவதற்குப் பதிலாக லேசாகக் கூடியது. இது எல்லாம் வரலாம், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் ஒரே வாரத்தில் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். பாலுறவு ஆர்வம் குறைவது, உச்சம் தாமதமாவது, இவையும் உண்டு. இவை மற்றவை மாதிரி தானாக அடங்கிவிடும் என்று நம்பி உட்கார முடியாது. டாக்டர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை, கடைசியில் பலர் இதற்காகவே சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லுங்கள், அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாக எழுத மாட்டேன். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, முக்கியமாக ஆரம்ப வாரங்களிலும் அளவை மாற்றும்போதும், தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும் 2007இல் இளைஞர்களுக்கும் சேர்த்துக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. அப்படி எதுவும் தோன்றினால், எந்த வயதாக இருந்தாலும், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நன்மை வந்தபோது அது வந்த விதம்தான் எனக்கு ஆச்சரியம். மகிழ்ச்சி எதுவும் பொங்கவில்லை. போன் அடித்தது, எடுத்தேன், பேசினேன், வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, அதுவரை போன் அடித்தாலே நெஞ்சு படபடக்க, அது தானாக நிற்கும் வரை திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பது. பக்கத்து அறையில் ஓயாமல் அலறிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை யாரோ குறைத்துவிட்ட மாதிரி இருந்தது, டிவி அணையவில்லை, ஆனால் என் வேலையை நான் பார்க்க முடிந்தது. சோகம் வரும்போது அழுகையும் வந்தது, சினிமா பார்த்தால் சிரிப்பும் வந்தது. சிலருக்கு எல்லா உணர்ச்சியும் மழுங்கிப் போகிறது என்கிறார்கள், அது உண்மையான பக்கவிளைவுதான், எனக்கு லேசாகத்தான் இருந்தது.

என் கதையை விடுங்கள், ஒருவருக்கு வேலை செய்தது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மனச்சோர்வுக்கான 21 மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளை, ஏறத்தாழ 1,16,000 பேருடைய தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. 21 மருந்துகளும், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல், ஆனால் வித்தியாசம் சராசரியாகப் பார்த்தால் பிரமாதம் இல்லை, சுமார்தான். செர்ட்ராலினை மட்டும் எடுத்து, பிரிட்டனில் பொது மருத்துவர்களிடம் வந்த 653 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்த பாண்டா என்ற சோதனையின் முடிவு 2019இல் வந்தது. ஆறாவது வாரத்தில் மனச்சோர்வு அறிகுறிகளில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, ஆனால் மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது, மருந்து சாப்பிட்டவர்கள் தங்களுக்குத் தேவலை என்று அதிகமாகச் சொன்னார்கள். என் போன் கதையோடு இது பொருந்திப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றரை நட்சத்திரம் வந்தது இப்படித்தான். மனநல மருந்து என்றாலே சும்மா, மற்ற நோய்க்கான மருந்துதான் நிஜ மருந்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2012இல் லாயிஷ்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளரின் குழு இரண்டு தரப்பு மருந்துகளின் பலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, பொதுவாக மனநல மருந்துகள் மற்றவற்றுக்குச் சளைத்தவை அல்ல என்றுதான் முடிவு வந்தது. நாம் தினமும் கேள்வி கேட்காமல் விழுங்கும் பல மாத்திரைகளும் சுமார் ரகம்தான்.

இனி அரை நட்சத்திரப் பகுதி.

மாத்திரை சாப்பிடுவது நாலு பேருக்குத் தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். "மனசைத் திடமா வச்சுக்கிட்டா இதெல்லாம் தேவையே இல்ல." "வாக்கிங் போ, எல்லாம் சரியாயிடும்." (நடப்பது நல்லதுதான், கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியாதவரிடம் சொல்லிப் பாருங்கள்.) "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே." இதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஒரு சொந்தக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைக் கூட்டிப் படித்துவிட்டு "இது தூக்க மாத்திரைதானே, பழகிடும் பாத்துக்கோ" என்றார். இல்லை சித்தப்பா, இது வேறு என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் ஒன்று இல்லை. ஆனால் அவர் பயம் ஆகாயத்திலிருந்து குதித்ததும் இல்லை. 1960களில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் டயசெபாம் வகை மாத்திரைகள் வந்தபோது அவற்றை டாக்டர்களே வாரி வழங்கினார்கள், பிறகுதான் அவை உடலை அடிமைப்படுத்தும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. அல்பிரசோலமும் அந்த வகைதான். போட்ட கொஞ்ச நேரத்தில் இதமாக இருக்கும், நாளாக நாளாக அதே இதத்துக்கு அளவு கூடும். செர்ட்ராலினில் போட்டதும் கிடைக்கும் போதை எதுவும் இல்லை, இன்னும் ஒன்று போடலாமா என்ற ஏக்கமும் வருவதில்லை. இன்னும் பின்னால் போனால், மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டும் அறுவை சிகிச்சைக்காக எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள், அதை இன்று நினைத்தால் குலை நடுங்கும். இந்தத் துறையின் மேல் மக்களுக்கு இருக்கும் சந்தேகத்தில் பாதியை இந்தத் துறையே சம்பாதித்தது. அதற்காகத் திட்டட்டும். ஆனால் எந்த மாத்திரைக்கான கோபத்தை எந்த மாத்திரை மேல் காட்டுகிறோம் என்றாவது பார்க்கலாம் இல்லையா?

ஆதரவாகப் பேசுகிறவர்களும் எனக்குப் பெரிய நிம்மதி தரவில்லை. "மூளையில கெமிக்கல் குறைஞ்சிருக்கு, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் மாதிரி இதுவும், அவ்வளவுதான்" என்பது அவர்களுடைய மந்திரம். செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஜொவானா மான்கிரீஃப் என்ற பிரிட்டன் மனநல மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதியபோது, அந்த மந்திரத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் பலர் அப்படியானால் மாத்திரையே ஏமாற்று வேலை என்ற முடிவுக்குத் தாவினார்கள். நோய் எதனால் வருகிறது என்பது ஒரு கேள்வி, மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. ஆஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்தது, அது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடித்துச் சொன்னது 1971இல், இடைப்பட்ட காலத்தில் தலைவலிக்காரர்கள் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"இதுவும் உடம்பு நோய் மாதிரிதான்" என்ற பிரசாரம் அவமானத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கைக்கும் கொஞ்சம் அடி விழுந்திருக்கிறது. பெர்னிஸ் பெஸ்கோசோலிடோ என்ற சமூகவியலாளரின் குழு அமெரிக்காவில் 1996இலும் 2006இலும் பொதுமக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை ஒப்பிட்டது. பத்து ஆண்டில் "இது மூளை சம்பந்தப்பட்ட நோய்" என்று ஒப்புக்கொள்கிறவர்கள் கூடியிருந்தார்கள், டாக்டரிடம் போகட்டும், மருந்து சாப்பிடட்டும் என்று சொல்கிறவர்களும் கூடியிருந்தார்கள். ஆனால் அப்படிப்பட்டவர் என் பக்கத்தில் வேலை பார்க்கலாமா, என் வீட்டில் சம்பந்தம் செய்யலாமா என்று கேட்டால் விலகல் குறையவே இல்லை. 2018இல் மறுபடி பார்த்தபோது மனச்சோர்வு உள்ளவர்களிடம் காட்டும் விலகல் குறைந்திருந்தது, மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்ற எண்ணமோ முன்பைவிடக் கூடியிருந்தது. எங்களைப் போன்ற "லேசான கேஸ்"களுக்கு அனுதாபம் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது, உண்மையிலேயே கடினமான நோயோடு போராடுகிறவர்களுக்கு அதுவும் இல்லை. மனநலம் பற்றி அழகழகாகப் பதிவு போடுகிறவர்களும் மனச்சிதைவு என்ற சொல் வந்ததும் சற்றே தள்ளி உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன்.

பேச்சு சிகிச்சையா மாத்திரையா என்று நோயாளிகளிடம் கேட்ட ஆய்வுகளைத் தொகுத்தால், ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பேச்சு சிகிச்சையைத்தான் விரும்புகிறார்கள். நியாயமான ஆசை, நானும் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்தேன், அது இன்னும் நன்றாக வேலை செய்தது. ஆனால் பேச்சு சிகிச்சைக்கு ஆள் கிடைக்க வேண்டும், நேரம் கிடைக்க வேண்டும், உட்கார்ந்து பேசும் தெம்பு வேண்டும். எனக்கு அந்தத் தெம்பைக் கொடுத்தது மாத்திரை. கவுன்சிலிங் போனால் "புத்திசாலி", மாத்திரை போட்டால் "பாவம்" என்று தரம் பிரிப்பது யாருக்கு உதவுகிறது என்று புரியவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இதில் வந்தவர்களும் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் சிக்கல். நான் சாப்பிடுவது தெரிந்த பிறகு, "நானும்தான், யார்கிட்டயும் சொல்லாத" என்று தனியாக அழைத்துப் போய்ச் சொன்னவர்களில் ஒருவர், எல்லோர் முன்னாலும் இந்த மருந்துகளைக் கிண்டல் செய்கிறவர்.

இந்தப் பேச்சுகளால் மனம் புண்படும் என்பதோடு முடிந்தால் ஒரு நட்சத்திரமாவது கொடுத்திருப்பேன். முடிவதில்லை. கொஞ்சம் தேறியதும் "இன்னுமா சாப்பிடுற?" என்ற கேள்வி ஆரம்பிக்கும். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுத்தான் பலர் ஒரே நாளில் தூக்கிப் போடுகிறார்கள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், விசித்திரமான கனவுகள், தலைக்குள் சின்னதாக மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு சுரீர், இவை வரலாம். 2024இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு வந்ததைக் கழித்துப் பார்த்தால், மனச்சோர்வு மருந்தை நிறுத்துகிறவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவருக்கு இப்படி ஏதாவது வருகிறது, கடுமையாக வருவது சுமார் 3 சதவீதத்தினருக்கு. வந்தவுடன் என்ன ஆகிறது? "பாத்தியா, அடிமையாயிட்ட" என்று முதலில் பயமுறுத்தியவர்களே வந்து நிற்பார்கள். மறுபடி போடவும் பயம், போடாமல் இருக்கவும் முடியாது. மெதுவாகக் குறைத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சமாளிக்கக்கூடியதுதான், அதிலும் கடைசிச் சின்ன அளவுகளில்தான் அதிக நிதானம் வேண்டும். குறைந்த அளவிலேயே மருந்து மூளையில் தன் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடுவதால், 50இலிருந்து பூஜ்யத்துக்குப் போவது 100இலிருந்து 50க்கு வருவதைவிடப் பெரிய இறக்கம்.

"வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணும்" என்பதும் பொய், "நல்லா ஆயிட்டா தேவையில்ல" என்பதும் பொய். மனச்சோர்வு மருந்துகளை நீண்ட காலம் சாப்பிட்டு நலமாக இருந்த 478 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆன்ட்லர் சோதனையின் முடிவு 2021இல் வந்தது. ஓர் ஆண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும். தொடர்ந்தாலும் திரும்பலாம், நிறுத்தினாலும் திரும்பாமல் இருக்கலாம். உங்கள் ஆபத்து எவ்வளவு என்பதை உங்கள் பழைய கணக்கைத் தெரிந்த டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், கல்யாண வீட்டுப் பந்தியில் இல்லை.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளுக்கும் ஒரு குறை எழுதிவிடுகிறேன். பொடி எழுத்தில் உலகத்தில் உள்ள எல்லாப் பக்கவிளைவையும் போட்டிருக்கிறார்கள், எது அடிக்கடி வரும், எது லட்சத்தில் ஒருவருக்கு வரும் என்று கண்ணில் படுகிற மாதிரி பிரித்துக் காட்டவில்லை. நிறுத்துவதைப் பற்றி "மருத்துவரை அணுகவும்" என்று ஒற்றை வரி. ஆகவே முதல் சந்திப்பிலேயே, மாத்திரை எழுதும்போதே, இதை எப்போது, எந்தக் கணக்கில் குறைக்கப் போகிறோம் என்று கேட்டு அதையும் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.